வீட்டில் எத்தனை கை

ஒரு அடுப்பை நாற்பது நாடுகளுக்கு விற்பது என்றால் நாற்பது சண்டை என்று அர்த்தம். பூங்கோதைக்கு அந்தச் சண்டைகள் எல்லாம் அத்துப்படி. ஜெர்மனிக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண் வேண்டும். எட்டோடு நிறுத்தினால் ஏதோ ஏமாற்றுகிறார்கள் என்று கடிதம் வரும். ஜப்பானுக்கு அடுப்பு அணையும்போது ஒரு சின்ன இசை வேண்டும். வளைகுடாவுக்குப் பட்டன்களை வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். நம் ஊருக்கு விசில் எண்ண வேண்டும். பருப்புக்கு எத்தனை விசில் என்பதில் சேலமும் திருநெல்வேலியும்கூட ஒத்துப்போகாது.

கோயமுத்தூர் காளப்பட்டிச் சாலையில் இருந்த அந்தக் கம்பெனி, முன்னொரு காலத்தில் மாவரைக்கும் கிரைண்டர் செய்துகொண்டிருந்தது. பிறகு அடுப்பு, சலவை இயந்திரம் என்று வளர்ந்து கடல் தாண்டியது. அங்கே கட்டுப்பாட்டுப் பலகைப் பிரிவுக்குத் தலைவி பூங்கோதை. ஐம்பதைத் தாண்டியவள், கறாரானவள், எதையும் இரண்டு முறை கேட்கப் பிடிக்காதவள். பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு அழுத்தினால் போதும், அழுத்தியதும் விரலுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதுதான் அவள் பிழைப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவளுக்குச் சமைக்கத் தெரியாது. வெந்நீர் வைப்பாள். அதோடு சரி. வீட்டில் சமையல் முழுக்க அவள் கணவர் சென்னியப்பன் கையில் இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கம்பெனி மூடியதும் வேறு வேலை தேடாமல் வீட்டுக்கு வந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. அவர் சமைப்பார், இவள் சாப்பிடுவாள், அப்படியே பத்து வருஷம் ஓடியது. அந்தப் பத்து வருஷமும் நன்றாகவே இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பிரேசில் சண்டையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு அம்மிணி ஊர்ல இருக்கறவங்க ஊட்டு அடுப்பையெல்லாம் நீ ஒக்காந்து முடிவு பண்ற? அடுப்பு மூஞ்சில பட்டனே இல்லாம வெறுங் கண்ணாடிய வெச்சு அனுப்பிப்போடு. அவங்கவங்க என்ன பண்றாங்கன்னு பாத்து அதுவே பட்டன் போட்டுக்கட்டும்."

"ஒரு ஊட்ல நாலு பேரு இருப்பாங்க. யாரு தொடறாங்கன்னு அதுக்குத் தெரியோணும்ல?"

"தொடறதுலயே தெரியுமே. தெச்ச துணில கைய வெச்சா எந்த டெய்லர் தெச்சதுன்னு நான் சொல்லுவேன். உன்ற மெஷினுக்கு அவ்வளவு கூடவா புத்தி இருக்காது?"

மறுநாள் ஆபீசில் அதையே தன் யோசனைபோல எடுத்துவைத்தாள். யாருடைய யோசனை என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் வெறுங்கண்ணாடி. கடையிலிருந்து வரும்போது அடுப்பின் முகத்தில் ஒரு எண்கூட இருக்காது. முதலில் சில நாட்கள், தீயைக் கூட்ட மேலே இழுக்கலாம், குறைக்கக் கீழே இழுக்கலாம், அவ்வளவுதான். ஒரே வேலையை ஒருவர் திரும்பத் திரும்பச் செய்தால் கண்ணாடி அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஒளிப்புள்ளியாகப் போடும். அதன்பின் அந்தப் புள்ளியைத் தொட்டால் போதும்; எவ்வளவு தீ, எவ்வளவு நேரம், எப்போது இறக்குவது எல்லாம் அந்த ஆள் செய்கிற மாதிரியே நடக்கும். கேமரா கிடையாது. பெயர் கேட்காது. விரலின் கனம், அது தங்கும் நேரம், சாயும் பக்கம், இவற்றை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளும். ஆபீசில் அதற்குக் 'கை' என்று பெயர். ஒரு வீட்டில் மூன்று பேர் புழங்கினால் மூன்று கை. சும்மா இருக்கும்போது வீட்டின் எல்லாக் கைகளுடைய புள்ளிகளும் மங்கலாகத் தெரியும். ஒருவர் தொட்டதும் மற்றவை மறைந்து அவருடையவை மட்டும் பளிச்சென்று எழும்.

நாற்பது சண்டையும் ஒரே நாளில் ஓய்ந்தன. ஜெர்மன்காரர் தனக்கு வேண்டிய ஒன்பதைத் தானே செய்துகொண்டார்.

முதல் கண்ணாடிகளில் ஒன்று பூங்கோதையின் வீட்டுக்கு வந்தது. சென்னியப்பன் இடது கைக்காரர். துணி வெட்டும் கத்தியைப் பிடித்துப் பழகிய அந்த இடது ஆள்காட்டி விரல் கண்ணாடியில் கனமாக இறங்கி, ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழும். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளுப் பருப்பு, காப்பி, நுரை கட்டியதும் கொதிக்க விடாமல் இறங்குகிற ரசம் என்று ஏழு புள்ளிகள் அவருக்குச் சேர்ந்தன. பூங்கோதைக்கு ஒன்று. வெந்நீர்.

போன தை மாதம் உழவர் சந்தைக்குப் போனவர் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். யாரோ ஒருவர் அவருடைய போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். அவள் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பக்கத்தில் பையை யாரோ பத்திரமாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

துக்க வீட்டில் கருமாதி முடியும்வரை அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள் போசிகளில் சோறு கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் அழுதார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். பூங்கோதை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி அவளுக்குத் திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. கண்ணாடிக்குக் 'காலி வீடு' என்று ஒரு விதி உண்டு. தொடர்ந்து இரண்டு வாரம் யாரும் தொடாவிட்டால், குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிடும். அடுத்து வரும் வாடகைக்காரருக்குச் சுத்தமான கண்ணாடி கிடைக்க வேண்டும் அல்லவா? வெளிநாட்டு வாடகை வீடுகளை நினைத்துப் பத்துப் பேர் சேர்ந்து போட்ட விதி அது. பத்துப் பேரும் கோயமுத்தூர்க்காரர்கள். பத்துப் பேரும் துக்க வீட்டுக்குச் சோறு எடுத்துப் போனவர்கள். லிஸ்பனையும் ஒசாகாவையும் பற்றி அத்தனை யோசித்தவர்களில் ஒருவருக்கும் நம் ஊரில் அடுப்பு எப்போது சும்மா கிடக்கும் என்பது தோன்றவில்லை.

விடிந்தும் விடியாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். எட்டுப் புள்ளிகளும் மங்கலாக இருந்தன. நிம்மதியாக மூச்சு விட்டு, ஒரு தொடு தொட்டால் போதும் என்று விரலை வைத்தாள். அவ்வளவுதான். சென்னியப்பனின் ஏழும் சட்டென்று மறைந்து அவளுடைய வெந்நீர்ப் புள்ளி மட்டும் எழுந்து நின்றது. கண்ணாடி செய்தது சரிதான். தொட்டது அவள் கை. ஆனாலும் அந்த ஏழும் அணைந்ததைப் பார்த்தபோது, சந்தையில் அவரைப் பார்த்தபோதுகூட வராத பயம் அவளுக்கு வந்தது.

விரலை எடுத்தாள். அவை மங்கலாகத் திரும்பி வந்தன. இந்த முறை இடது விரலை வைத்தாள். கண்ணாடி ஏமாறவில்லை. இன்னும் கனமாக வைத்தாள். இல்லை. எந்த அளவுக்குக் கனம், எந்த அளவுக்குத் தாமதம், எந்தப் பக்கம் சாய்வு என்பதெல்லாம் அவளே வகுத்த அளவுகள்தானே. கண்ணை மூடி அவர் நிற்கிற மாதிரி நின்று, தோளைத் தளர்த்தி, விரலை இறக்கி, ஒரு கணம் யோசித்துவிட்டு எடுத்தாள்.

ஏழும் பளிச்சென்று எழுந்தன.

"பூவு, என்ன பண்ற அங்க?" பின்னால் சென்னியப்பனின் அக்கா மரகதம் தலையை முடிந்துகொண்டே வந்து நின்றாள். "அடுப்பப் பத்த வெக்கக் கூடாது கண்ணு. வேணும்னா பக்கத்தூட்ல காப்பி வாங்கிட்டு வரட்டுமா?"

"பத்த வெக்கலைங்க அண்ணி. சும்மா தொட்டேன்."

"ஏன் பீச்சாங்கையில தொடற?"

பூங்கோதை விரலை எடுத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. என்ன ஏது என்று கேட்காமல் மரகதமும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாரும் ஊருக்குப் போனபின் வீடு அவளுக்குப் பெரிதாகப் போய்விட்டது. காலையில் எழுந்ததும் இடது விரலால் கண்ணாடியைத் தொடுவாள். புளியைக் கரைத்து வைத்துவிட்டு ரசப் புள்ளியைத் தொட்டால், அவர் தீயிலேயே நுரை கட்டி, அவர் இறக்குகிற இடத்திலேயே அடுப்பு அடங்கும். உப்பு முன்னே பின்னே இருக்கும்; அது அவள் கோளாறு. ஆனால் சூடு அவருடையது. சோறும் அப்படியே, காப்பியும் அப்படியே. வெந்நீர் வேண்டுமென்றால்கூட அவர் காப்பி டிகாக்‌ஷனுக்குத் தண்ணீர் வைக்கிற இன்னொரு புள்ளியைத்தான் தொடுவாள். போகப்போக அந்த விரல் தானாகவே அப்படி இறங்கப் பழகிவிட்டது. இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாளில் அவள் பேசாமல், யாரோடும் சேராமல், ஆனால் தனியாகவும் இல்லாமல் இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

எட்டு மாதம் இப்படிப் போனபின் லிஸ்பனிலிருந்து அந்தப் புகார் வந்தது. கிராசா என்ற பெண்மணி. எழுத்தில் மூன்று முறை பதில் அனுப்பியும் ஒப்பாமல், கண்ணாடியைச் செய்தவரோடுதான் பேசுவேன் என்று நின்றுவிட்டாள். மொழிபெயர்க்கும் இயந்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அவள் படபடவென்று போர்ச்சுகீசில் கொட்டியதெல்லாம் இந்தப் பக்கம் வானொலிச் செய்திபோல நிதானமாக வந்து இறங்கியது.

"என் கணவர் வேறொரு பெண்ணுடன் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன," என்றது இயந்திரம். "வீட்டை விட்டுச் சென்றார். அடுப்பை விட்டுச் செல்லவில்லை. தினமும் காலையில் நான் சமையலறைக்குள் நுழைந்தால் அவருடைய நான்கு விளக்குகள் எனக்காகக் காத்திருக்கின்றன. அவர் மீன் வறுத்த விளக்கு. அவர் காப்பி விளக்கு. நான் அவரை மறந்துவிட்டேன். உங்கள் அடுப்பு மறக்க மறுக்கிறது."

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லருந்து ஆரம்பிக்கலாங்க," என்றாள் பூங்கோதை. "ஆனா உங்களுதும் சேர்ந்து போயிடும்."



"என்னுடையது எதற்காகப் போக வேண்டும்?" என்று கேட்டது இயந்திரம். "போனவர் அவர். நான் இங்கேதானே இருக்கிறேன்."

பூங்கோதை தன் வீட்டை நினைத்துக்கொண்டாள். தன் வீட்டில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தால்தான் அவளுக்கு விடிகிறது. அங்கே ஒருத்திக்கு அவற்றைப் பார்த்தால் பொழுதே இருண்டுபோகிறது. இரண்டும் ஒரே கண்ணாடிதான். ஏதாவது செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

அந்த வாரமே தமீம் அவள் அறைக்கு வந்தான். உக்கடத்துக்காரன், கண்ணாடிகளிலிருந்து வரும் தகவல்களைப் படிக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. சென்னியப்பன் இருந்த காலத்தில் ரம்ஜான் பிரியாணியோடு வந்து ரசம் வாங்கிப் போகிறவன். லேப்டாப்பைத் திறந்து, ஒரு வீட்டின் இரண்டு கைகளுக்கும் வரைந்த இரண்டு வரைகோடுகளைக் காட்டினான்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ரெண்டு விதி வருதுங்க்கா. மொதலாவது நீங்க கேட்டது. மூணு மாசம் ஒரு கை தொடலைன்னா அந்தக் கை மட்டும் தானா அழிஞ்சிரும். லிஸ்பன் அம்மா பிரச்சினை தீந்துச்சு. ரெண்டாவது, சேல்ஸ்காரங்க கேக்கறது. வீட்டுக்கு எத்தனை கைன்னு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்குத் தர்றதா ஒத்துக்கிட்டாங்களாம். கணக்கு சரியா இருக்கோணும்னா போலிக் கைய எடுக்கோணும்."

"போலிக் கைன்னா?"

"நெஜமான கை தெனமும் கொஞ்சம் மாறுங்க. காச்சல்னா மெதுவா விழும், கோவம்னா பட்டுன்னு விழும். சில வீடுகள்ல ஒரு கை மட்டும் மாறவே மாட்டேங்குது. பாத்து எழுதின கையெழுத்து மாதிரி ஒரே சீரா இருக்குது. மொதல்ல கண்ணாடியில கோளாறுன்னுதான் நெனச்சேன். ஆனா ஒசாகாவுல இருக்குது, போலந்துல இருக்குது, சிலில இருக்குது. ஆயிரக்கணக்குல இருக்குதுங்க்கா."

"ஏன் அப்படி?"

தமீம் கோட்டின் ஓரிடத்தில் விரலை வைத்தான். "அந்தக் கை இப்படி ஒரே சீரா ஆகறதுக்கு முன்னால, எல்லா வீட்லயும் அடுப்பு சில நாள் சும்மாவே கெடந்திருக்குது. அதுக்கப்பறம் ரெண்டு கையும் ஒரே நேரத்துல வந்ததே இல்ல." குரலைத் தணித்துக்கொண்டான். "யாரோ, போனவங்க கைய எடுத்து நடத்திட்டு இருக்காங்க."

 உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு சமையலறையில், ஒருவருக்கொருவர் தெரியாமல், இன்னொருவரின் விரலைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பூங்கோதைக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. இன்னொரு பக்கம், இத்தனை பேரும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நின்றுகொண்டிருப்பதை நினைக்க மனசு கனத்தது.

"கோயமுத்தூர்லயும் இருக்குதுங்க்கா," என்றான் தமீம், லேப்டாப்பைப் பார்த்தபடியே. "எந்த வீடுன்னு நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்." மூடி வைத்துவிட்டு எழுந்தான். "சாப்டீங்களா?"

"ரசஞ்சோறு," என்றாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை கூட்டம். நிர்வாக இயக்குநர் ராமலிங்கம் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். விற்பனைப் பிரிவுக்காரர்கள் இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தைப் பெருமையாக விவரித்தார்கள். இரண்டாவது விதி நிறைவேறினால் திங்கட்கிழமைக்குள் எல்லாக் கண்ணாடிகளுக்கும் போய்விடும். சென்னியப்பனும் போய்விடுவார். இன்னொரு முறை அவரைத் தூக்கிக் கொடுக்கத் தன்னால் ஆகாது என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. அதை அங்கே எப்படிச் சொல்வது? தொழில்பேச்சாகவே சொன்னாள்.

"நாம வித்தது அடுப்புங்க. ஆள் எண்ற மெஷின் இல்ல. நீ யாருன்னு கேக்காத அடுப்புன்னு சொல்லித்தான் நாப்பது நாட்லயும் உள்ள போனோம். எந்தக் கை நெஜம், எந்தக் கை போலின்னு நாம தீர்ப்புச் சொல்ல ஆரம்பிச்சா, நாளைக்கு யாரு தொடுவாங்க?"

"போலின்னு தெரிஞ்சும் வெச்சிருக்கச் சொல்றீங்களா?" ராமலிங்கம் கேட்டார்.

"அந்தக் கை தெனமும் சோறாக்குது, அந்தச் சோத்த ஒரு ஆள் சாப்பிடறாங்க. இதுல என்னங்க போலி? தொடாத கைய எடுத்துருவோம். மூணு மாசம் வராதவங்க போயிட்டாங்கன்னு அர்த்தம். தொட்டுட்டு இருக்கற கைய நாம தொடக் கூடாது."

"நீ என்னப்பா சொல்ற?" ராமலிங்கம் தமீம் பக்கம் திரும்பினார். "உன்ற கணக்குத்தானே?"

தமீம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க சார். என் கணக்குல தப்பு இருக்கலாம். நல்ல கஸ்டமர் கைய அழிச்சிட்டோம்னா வம்பாயிரும்."

அவன் கணக்கில் தப்பு வராது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வம்பு என்ற சொல்லுக்கு ராமலிங்கம் மதிப்புக் கொடுப்பவர். மோரைக் குடித்து முடித்தார். முதல் விதி மட்டும் போகட்டும், இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

பூங்கோதையே உட்கார்ந்து அந்த விதியை எழுதினாள். சின்ன விதி. மூன்று மாதம் கண்ணாடியைத் தொடாத கையை, மற்ற கைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், சத்தமில்லாமல் நீக்கிவிடு. முன்னறிவிப்புத் தர வேண்டுமா என்று உதவியாளர்கள் கேட்டபோது, போனவர்களைப் பற்றி இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கிராசாவை மனதில் வைத்துச் சொன்னது அது. திங்கட்கிழமை காலையில் விதி உலகமெங்கும் போயிற்று. மதியத்துக்குள் லிஸ்பனிலிருந்து செய்தி வந்துவிட்டது.

"கண்ணாடியில் நான் மட்டும் இருக்கிறேன். நன்றி."

அதை மூன்று முறை படித்தாள். நல்ல காரியம் செய்தோம் என்று நிறைவாக இருந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கிக் கொஞ்சம் தக்காளியும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நடையில் ஒரு வேகம் இருந்தது. கதவைத் திறந்து, செருப்பைக்கூடச் சரியாக விடாமல், நேரே சமையலறைக்குப் போனாள். கண்ணாடியில் அவருடைய புள்ளிகள் மங்கலாக இருந்தன. ரசம் இருந்தது, காப்பி இருந்தது, கொள்ளு இருந்தது. ஒன்றும் போகவில்லை.

"இருக்கீங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் நடிக்க மறந்துபோனாள். தொண்டை வறண்டிருந்தது, ஒரு வாய் வெந்நீர் குடிக்கலாம் என்று பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, வலது விரலைத் தன் பாட்டுக்கு வைத்தாள்.

புள்ளிகள் எல்லாம் அணைந்தன. எதுவும் எழவில்லை. கண்ணாடி அப்படியே இருட்டாகக் கிடந்தது. பிறகு நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது.

புதிய கை. வீட்டாளா? விருந்தாளியா?

பூங்கோதைக்கு முதலில் புரியவில்லை. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே வரி. வளைகுடா வீடுகளுக்காக அவளே சேர்த்த கேள்வி அது. அங்கே சமையலறையில் வருகிறவர் போகிறவர் கை அதிகம். எல்லாரையும் கற்றுக்கொண்டால் கண்ணாடி நிரம்பிவிடும் என்பதால், தெரியாத கை பட்டால் ஒரு முறை கேட்டுக்கொள்ளச் செய்திருந்தாள். அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். இந்த வீட்டில் ஒரு கை, என்று போட்டிருந்தது. இடது கை. கடைசியாகத் தொட்டது இன்று காலை.

அப்போதுதான் உறைத்தது. கடந்த எட்டு மாதத்தில் அவள் அவளாக இந்த அடுப்பை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. வராத கையை நீக்கு என்றாள், கண்ணாடி நீக்கிவிட்டது. சத்தமில்லாமல் செய் என்றாள், சத்தமில்லாமல் செய்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆபீசில் சொன்னால் தமீம்கூடச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே இருந்தவள், தான் மட்டுமே நிற்கிற அந்தச் சமையலறையில் தன் சிரிப்பைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டாள் என்று தொட்டால் போதும். கண்ணாடி அவளுக்கு ஒரு வெறும் இடம் ஒதுக்கும். அங்கே அவள் தனக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும், திரும்பத் திரும்பச் சமைக்க வேண்டும், அப்போது அது புள்ளியாகும். விரலை அதன் மேல் கொண்டுபோனாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தாள். அவர் வைத்த ரசம் பிடிக்கும். அவர் கடைந்த கொள்ளு பிடிக்கும். அதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்னால், என்ன பிடித்தது என்று நினைவில் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. விரல் அந்தரத்திலேயே நின்றது. வெளியே தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். வெந்நீருக்கு வைத்த பாத்திரம் சூடேறாமலே இருந்தது.

கடைசியில் விருந்தாளி என்பதைத் தொட்டாள்.

விருந்தாளிக்குக் கண்ணாடி அந்த வீட்டுக்காரர் வந்தவர்களுக்கு வழக்கமாக எதைக் கொடுப்பாரோ அதைத்தான் முதலில் காட்டும். சென்னியப்பனின் காப்பிப் புள்ளி மட்டும் பளிச்சென்று எழுந்தது. யார் வந்தாலும், வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமலே காப்பி கலக்கிற மனிதர் அவர். பூங்கோதை பாத்திரத்தில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாலை ஊற்றி வைத்தாள். வலது விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டாள். பால் பொங்கி விளிம்புக்கு வந்ததும் அவர் தணிக்கிற மாதிரியே தீ தணிந்தது.

காப்பியைக் கலக்கி டம்ளரில் ஊற்றி, சாப்பாட்டு மேசைக்கு எடுத்துப் போனாள். எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, வந்தவர்களை உட்காரவைக்கும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காப்பி நன்றாகவே இருந்தது. யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

விருந்தாளிகளின் கையைக் கண்ணாடி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நாளைக்கு அவள் அவளாகத் தொட்டால், நீ யார் என்று அது மறுபடியும் மரியாதையாகக் கேட்கும்.